ஓடும் வண்டியைக் குளிர்வித்த மெக்கானிக்

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய எஸ்.யூ.வி. ஒன்றில் கோடைக்காலத்தில் குடும்பத்துடன் நெடும்பயணம் போனவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் குளிர் தாங்காமல் காற்று வரும் திறப்பை வேறு பக்கம் திருப்பிவைப்பார். அதே நேரத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கும் குழந்தைகளும் முதியவர்களும் வியர்வையில் நனைந்துகொண்டிருப்பார்கள். மலைப்பாதையில் மார்கழி இரவில் போனால் முன்னால் கதகதப்பும் பின்னால் நடுக்கமுமாக இருக்கும். அந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்டபோது குளிரும் வெப்பமும் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு உரியவை என்றே எண்ணப்பட்டது. பின்னால் இருப்பவர்களுக்கு மிஞ்சியது போய்ச் சேர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்களும், பழைய வண்டியின் மீது பற்றுள்ளவர்களும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பட்டறையில் வண்டியை விட்டு, பின்பக்கத்துக்கு என்று தனியாக ஒரு கூலிங் காயிலையும் புளோயரையும் பொருத்திக்கொள்கிறார்கள். முன்பக்கத்துக் குழாய்களில் கிளை பிரித்து, வண்டியின் அடிப்பகுதி வழியாகக் குளிர்வாயுவைப் பின்னால் கொண்டுபோகிறார்கள். வெப்பமும் வேண்டுமென்றால், என்ஜினிலிருந்து ஹீட்டருக்குச் செல்லும் சூடான கூலன்ட் குழாயிலும் இவ்வாறே கிளை பிரித்து, பின்பக்கத்தில் சிறியதொரு ஹீட்டர் காயிலை வைக்கிறார்கள்.

சொல்வதற்கு எளிது. ஆனால், தேர்ந்த மெக்கானிக் குழாயை வெட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பார். இருக்கும் கம்ப்ரஸர் இரண்டு காயில்களுக்கு ஈடுகொடுக்குமா? கூடுதலாக உறிஞ்சப்படும் வெப்பத்தைக் கண்டென்சர் வெளியேற்றுமா? புதிய புளோயருக்குத் தேவையான மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருமா? நீளும் குழாய்களுக்கு எவ்வளவு வாயு, எவ்வளவு எண்ணெய் கூடுதலாக வேண்டும்? கல்லும் சேறும் தெறிக்கும் அடிப்பகுதியில் குழாய் எத்தனை நாள் தாங்கும்? மேடு பள்ளங்களில் ஏற்படும் அதிர்வில் எந்த இணைப்பு முதலில் தளரும்? பின்னாளில் சேர்க்கப்படும் ஓர் இயந்திரம், ஏற்கெனவே இருக்கும் வண்டியின் இயல்புக்குப் பொருந்தி வாழ வேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் சாரம்.

இந்தக் கேள்விகளை எல்லாம் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, விடையும் கண்டவர் ஒரு மெக்கானிக். அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பினத்தவரான அவர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றதில்லை. குளிர்சாதனத்தை மனத்தில் வைத்துக் கட்டப்படாத ஒரு லாரியில், ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கும் குளிர்சாதனத்தைப் பொருத்திக் காட்டியவர் அவர். அவர் பெயர் ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ்.

1893-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், கென்டக்கி மாநிலத்தையும் ஒஹையோ மாநிலத்தையும் பிரிக்கும் ஒஹையோ ஆற்றங்கரைப் பகுதியில் ஜோன்ஸ் பிறந்தார். தந்தை ஐரிஷ் வழியினர், தாய் கறுப்பினத்தவர். தாயின் அரவணைப்பு அவருக்கு நீடிக்கவில்லை. ஏழு வயதளவில், மகனைத் தனியே வளர்க்க இயலாத தந்தை, ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரிடம் அவரை ஒப்படைத்துவிட்டுச் சென்றார். சிறிது காலத்தில் அந்தத் தந்தையும் இறந்துபோக, சிறுவன் முற்றிலும் ஆதரவற்றவனானான். பாதிரியாரின் இல்லத்தில் சிறுசிறு வேலைகளைச் செய்துகொண்டு வளர்ந்தான். இயந்திரம் என்று எது கண்ணில் பட்டாலும் அதைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் அந்த வயதிலேயே அவனிடம் இருந்தது.

ஆறாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினொரு வயதில் அங்கிருந்து வெளியேறி, சின்சினாட்டி நகரத்து மோட்டார் பட்டறை ஒன்றில் துப்புரவுப் பணிக்குச் சேர்ந்தார். மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கிய காலம் அது. பெருக்கிக்கொண்டே பார்த்ததும் பார்த்துக்கொண்டே கற்றதும் சில ஆண்டுகளில் அவரை முழுமையான மெக்கானிக் ஆக்கின. பதினைந்து வயதளவில் அந்தப் பட்டறையின் மேற்பார்வையாளராகவும் உயர்ந்தார். பந்தயக் கார்களை வடிவமைப்பதிலும் ஓட்டுவதிலும் அவருக்கு இருந்த மோகம் வாழ்நாளின் பெரும்பகுதி நீடித்தது. வண்டியின் ஒவ்வோர் அதிர்வுக்கும் காரணம் என்ன என்பதைப் பந்தயச் சாலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடம் பின்னாளில் பெரும்பயன் தந்தது.

1912-இல் மின்னசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கனடா எல்லைக்கு அருகே இருக்கும் ஹாலக் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். ரயில்வே அதிபராக விளங்கிய ஜேம்ஸ் ஜே. ஹில்லின் மகன் வால்டர் ஹில் அங்கே பரந்த பண்ணை ஒன்றை நடத்திவந்தார். அந்தப் பண்ணையின் டிராக்டர்களையும் நீராவி இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பணி ஜோன்ஸுக்குக் கிடைத்தது. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும் ஊர் அது. என்ஜினின் வெப்பம் எவ்வளவு அரியது என்பதும், குளிரில் உலோகமும் எண்ணெயும் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் அங்கே ஒவ்வொரு நாளும் கண்முன் நிகழ்ந்தவை. மாலை நேரங்களில் மின்சாரம், மின்னணுவியல், இயந்திரவியல் குறித்த நூல்களைத் தாமாகவே படித்தார்.

முதல் உலகப் போர் அவரைப் பிரான்ஸுக்கு அழைத்துச் சென்றது. இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த அமெரிக்கப் படையில், மின்சாரம், தொலைபேசி, தந்தி இணைப்புகளை அமைக்கும் பணியைச் செய்து சார்ஜென்ட் நிலைக்கு உயர்ந்தார். போர் முடிந்து 1919-இல் ஹாலக் திரும்பிய பிறகு, அந்தச் சிற்றூரின் தேவைகளே அவருடைய ஆய்வுக்கூடமாயின. ஊரின் வானொலி நிலையத்துக்கு ஒலிபரப்புக் கருவியை உருவாக்கினார். பனிக்காலத்தில் நோயாளிகளைப் பார்க்கச் செல்லும் மருத்துவருக்காகப் பனியில் வழுக்கி ஓடும் வண்டி ஒன்றைக் கட்டினார். எக்ஸ்ரே எடுப்பதற்காக நோயாளியை எங்கோ கொண்டுசெல்ல வேண்டிய நிலையை மாற்ற, எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவியை வடிவமைத்தார். இவற்றுக்குக் காப்புரிமை பெற வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தாருக்கு உதவும் வேலையாகவே அதைக் கருதியிருந்தார்.

பேசும் படங்கள் வந்த காலத்தில் ஹாலக் திரையரங்குக்கு ஒலிக்கருவி வாங்கப் பணமில்லை. பழைய இயந்திர உதிரிகளைக் கொண்டு ஜோன்ஸே ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் தரத்தைக் கேள்வியுற்ற மினியாபொலிஸ் தொழிலதிபர் ஜோசப் நியூமெரோ, 1920-களின் இறுதியில் அவரைத் தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். திரையரங்குகளுக்கு ஒலிக்கருவிகள் செய்து விற்பது நியூமெரோவின் தொழில். அங்கே ஒலிக்கருவிகளை மேம்படுத்தியதோடு, நுழைவுச்சீட்டு வழங்கும் இயந்திரம் ஒன்றையும் ஜோன்ஸ் உருவாக்கினார். அதற்கு 1939-இல் காப்புரிமை கிடைத்தது. அவர் பெற்ற காப்புரிமைகளின் நெடும்பட்டியல் அதிலிருந்தே தொடங்குகிறது.

அவர் வாழ்க்கையின் திருப்பம் ஒரு லாரிச் சுமையால் வந்தது. 1930-களின் இறுதியில், நியூமெரோவுக்குப் பழக்கமான லாரி நிறுவன உரிமையாளர் ஒருவருக்குப் பெருநட்டம் ஏற்பட்டது. கோழி இறைச்சி ஏற்றிச்சென்ற லாரியில் வழியிலேயே பனிக்கட்டி உருகிவிட, சுமை முழுவதும் கெட்டுப்போனது. வீடுகளிலும் திரையரங்குகளிலும் குளிர்சாதனம் வந்துவிட்ட காலத்தில் லாரிக்கு மட்டும் ஏன் இல்லை என்ற பேச்சு நண்பர்களிடையே எழுந்தது. அந்தப் பேச்சில் நியூமெரோ விளையாட்டாக ஒரு வாக்குறுதியைத் தந்துவிட்டார் என்று அவருடைய நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. விளையாட்டு வினையாயிற்று. லாரி உரிமையாளர் ஒரு லாரியை நியூமெரோவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஜோன்ஸ் அதற்குள் ஏறி, அளவெடுக்கத் தொடங்கினார்.

லாரிகளுக்கான இயந்திரக் குளிர்சாதனம் குறித்துப் பிறரும் அதற்கு முன்பு முயன்றிருந்தார்கள். அந்த முயற்சிகள் நிலைக்காமல் போனதற்குக் காரணங்கள் இருந்தன. அன்றைய குளிர்சாதன இயந்திரங்கள் கட்டடத்தின் தரையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே வண்டியில் ஏற்றினால், சாலையின் குலுக்கலில் குழாய் இணைப்புகள் விரிசல் விட்டன, வாயு கசிந்தது, தாங்கிகள் தேய்ந்தன. எடையும் பெரும் சுமையாக இருந்தது. இயந்திரம் பிடித்துக்கொள்ளும் இடம் சரக்குக்கு இல்லாமல் போனது. எனவே பனிக்கட்டியும் உப்புமே லாரிக்காரர்களின் துணையாக நீடித்தன. உருகிய உப்புநீரோ வண்டியின் உடலை அரித்தது.

ஜோன்ஸ் செய்த முதல் முடிவு அடிப்படையானது. லாரியின் என்ஜினிடம் கடன் கேட்கக்கூடாது என்று தீர்மானித்தார். லாரி ஏற்றத்தில் திணறினாலும், சாலையோரத்தில் என்ஜின் அணைந்து நின்றாலும், உள்ளே இருக்கும் இறைச்சிக்குக் குளிர் தடைபடக் கூடாது. ஆகவே குளிர்சாதனத்துக்கென்று தனியாகச் சிறியதொரு பெட்ரோல் என்ஜினை வைத்தார். கம்ப்ரஸர், கண்டென்சர், விசிறி, என்ஜின் அனைத்தையும் ஒரே சட்டத்தில் இறுக்கிப் பொருத்தி, அந்தச் சட்டம் முழுவதும் ஒன்றாக அதிரும்படி செய்தார். உறுப்புகள் தனித்தனியே ஆடாதபோது அவற்றை இணைக்கும் குழாய்கள் முறிவதில்லை. பந்தயக் கார்களில் அவர் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது.

முதல் வடிவத்தில் பிழையும் இருந்தது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்தச் சாதனத்தை அவர் லாரியின் அடிப்பகுதியில் தொங்கவிட்டார். சாலையின் சேறும் கல்லும் அதைப் பதம்பார்த்தன. பிழையை ஒப்புக்கொள்ளத் தயங்காதவரான ஜோன்ஸ், அடுத்தடுத்த வடிவங்களில் எடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். இறுதியில் அதை ஓட்டுநர் அறையின் மேலே, சரக்குப் பெட்டியின் முன்சுவரில் ஏற்றினார். 1941-இல் வந்த அந்த வடிவம் முதல் வடிவத்தில் ஏறத்தாழ பாதி எடையே இருந்தது. சேறு எட்டாத உயரம். ஓட்டத்தில் எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கும் இடம். சரக்கின் இடத்தைத் தின்னாத அமைப்பு. இன்றும் நெடுஞ்சாலையில் எதிரே வரும் குளிர்பதன லாரியின் நெற்றியில் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டியைக் காண்கிறோமே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த சிந்தனை அவருடையது.

ஒலிக்கருவித் தொழிலை விற்றுவிட்டு, நியூமெரோ 1938-இல் ஜோன்ஸோடு சேர்ந்து புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் தெர்மோ கிங் என்ற பெயரில் உலகறிந்த நிறுவனம் அதுவே. வாகனங்களுக்கான அந்தக் குளிர்சாதனத்துக்கு 1942-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. கழற்றி மாட்டத்தக்க குளிர்சாதனம், வெப்பநிலைக்கேற்பச் சிறு என்ஜினைத் தானாகவே இயக்கி நிறுத்தும் அமைப்பு ஆகியவற்றுக்கு 1943-இல் காப்புரிமைகள் கிடைத்தன. தேவையானபோது ஓடி, தேவையற்றபோது ஓய்வெடுக்கும் இயந்திரம் எரிபொருளையும் மிச்சப்படுத்தும். சரக்கு அளவுக்கு மீறி உறைந்துபோகாமலும் காக்கும்.

இதே காலத்தில் பயணிகள் காரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜோன்ஸ் எடுத்த முடிவுகளின் அருமை புரியும். 1940-ஆம் ஆண்டுக்கான கார்களில் ஏ.சி. வசதியை அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலை வழியாக விற்கப்பட்ட முதல் கார் ஏ.சி. என்று அதுவே குறிப்பிடப்படுகிறது. வியப்பு என்னவென்றால், அந்த முதல் ஏ.சி. பின்பக்க ஏ.சி.யாக இருந்தது. கூலிங் காயில் பின்னிருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது. குளிர்காற்று பின்னாலிருந்து முன்னோக்கி வீசியது. குளிர்காலத்தில் வெப்பம் தரும் காயிலும் அதனோடு இணைந்திருந்தது. கட்டி முடித்த காரை டெட்ராய்ட்டிலிருந்து கிளீவ்லாந்து நகரத்துக்கு அனுப்பி, அங்கே வேறொரு நிறுவனத்தின் பட்டறையில்தான் இவற்றைப் பொருத்தினார்கள். இன்று பழைய எஸ்.யூ.வி.க்குப் பட்டறையில் செய்யும் வேலையைப் போன்றதே அது.

ஆனால், அந்தக் காரில் கம்ப்ரஸரை வேண்டும்போது துண்டிக்கும் வசதி இல்லை. என்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். குளிர் வேண்டாமென்றால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த வசதி கைவிடப்பட்டது. என்ஜின் அறையிலும் முன்பலகைப் பகுதியிலுமே எல்லா உறுப்புகளையும் அடக்கி, வெப்பத்தையும் குளிரையும் ஒரே அமைப்பில் தந்த காரை 1954-இல் நாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் பிறகு ஏ.சி. முன்பக்கத்துக்கே உரியதாகியது, விலையும் எடையும் குறைந்தன. பின்னால் இருப்பவர்களின் தொல்லையும் அங்கிருந்தே தொடங்கியது எனலாம்.

கார்க்காரர்கள் ஓடும் என்ஜினையே நம்பியபோது, ஜோன்ஸ் தம் சாதனத்தை லாரியின் தயவை எதிர்பாராத ஒன்றாக அமைத்திருந்தார். பயன் வேறு, பணமும் வேறு என்பதால், காரில் அவர் வழியை அப்படியே பின்பற்ற இயலாது. எனினும், அவர் கேட்ட கேள்வி காருக்கும் பொருந்தும். புதிதாக வருவதைத் தாங்குவதற்குப் பழைய வண்டியிடம் மிச்சம் ஏதேனும் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. போக்குவரத்து நெரிசலில் என்ஜின் மெதுவாகச் சுழலும்போது கம்ப்ரஸரும் மெதுவாகவே சுழலும். அப்போது இரண்டு காயில்களையும் குளிர்விக்க வலுவில்லாமல், முன்னும் பின்னும் வெதுவெதுப்பான காற்றே வரும். வலுவில்லாத கம்ப்ரஸரோடு பின்பக்கக் காயிலைச் சேர்ப்பது, இருவருக்குச் சமைத்த உணவை எட்டுப் பேருக்குப் பரிமாறுவது போன்றது.

குளிரைப் போலவே வெப்பமும் ஜோன்ஸின் கவனத்தில் இருந்தது. மின்னசோட்டாவின் குளிர்காலத்தில் காய்கறி லாரிக்கு எதிரி வெயிலன்று, உறைபனியே. கோடையில் குளிரும் பனிக்காலத்தில் வெப்பமும் ஒரே சாதனத்தால் தர இயலுமா என்று ஆராய்ந்தார். அடைபட்ட இடத்தின் காற்றைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ வல்ல சாதனத்துக்கு 1950-இல் அவர் காப்புரிமை பெற்றார். சரக்குக்குத் தேவை குளிர்ச்சி என்று சொல்லாமல், நிலையான வெப்பநிலை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இந்த உணர்வு பயணிகளுக்கும் பொருந்தும். பின்பக்கத்துக்குக் குளிரை மட்டும் எண்ணிப் பொருத்திக்கொண்டவர்கள், மலைப்பயணத்தின்போதோ வடபுலத்துக் குளிர்காலத்திலோ, அதே வேலையோடு ஹீட்டர் காயிலையும் சேர்த்திருக்கலாமே என்று வருந்துவதுண்டு.

இரண்டாம் உலகப் போர் அவருடைய சாதனத்துக்கு உயிர்காக்கும் பணியைத் தந்தது. போர்முனை மருத்துவமனைகளுக்கு இரத்தத்தையும் மருந்துகளையும் கெடாமல் கொண்டுசேர்க்கவும், படையினருக்கு உணவு அனுப்பவும் ஜோன்ஸ் வடிவமைத்த எடுத்துச் செல்லக்கூடிய குளிர்சாதனங்கள் பயன்பட்டன. வெப்பமண்டலத் தீவுகளில் போரிட்டவர்களுக்கு அவை எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போருக்குப் பிறகு லாரி, ரயில், கப்பல் என எல்லாவற்றிலும் அந்தத் தொழில்நுட்பம் பரவியது. ஓர் ஊரில் விளைந்த பழமும் காயும் ஆயிரம் கல் தொலைவில் இருப்பவரின் தட்டுக்குப் பசுமை மாறாமல் வந்தன. உறைய வைத்த உணவுத் தொழிலும் பெரிய அங்காடிகளும் வளர்ந்ததற்கு இந்தப் போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம்.

இத்தனைக்கும் நடுவே அவர் வாழ்ந்த சமூகத்தை மறந்துவிட முடியாது. கறுப்பினத்தவர் பல விடுதிகளிலும் உணவகங்களிலும் அனுமதிக்கப்படாத காலம் அது. பொறியியல் பட்டம் இல்லாத கறுப்பின மெக்கானிக் ஒருவரின் வரைபடத்தை, பட்டம் பெற்ற பொறியாளர்கள் தம் வேலைக்கு அடிப்படையாகக் கொள்வது அன்று எளிதில் நிகழக்கூடிய ஒன்றன்று. ஜோன்ஸ் விவாதங்களால் அவர்களை வெல்ல முற்படவில்லை. ஓடும் இயந்திரத்தையே காட்டினார். அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கம் 1944-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சங்கத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1950-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் தர நிர்ணய அமைப்பும் அவரைத் தங்கள் ஆலோசகராக ஏற்றுக்கொண்டன. ஆறாம் வகுப்போடு நின்றவரிடம் ஓர் அரசு ஆலோசனை கேட்டது.

1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால் மினியாபொலிஸ் நகரில் அவர் காலமானார். அவர் பெற்ற காப்புரிமைகள் 60-க்கும் மேல். அவற்றுள் 40 அளவில் குளிர்பதனம் தொடர்பானவை. ஆனால், அவர் உருவாக்கிய சாதனத்தைச் சுமந்த லாரிகள் நாடு முழுவதும் ஓடியபோதும், அவர் பெயர் தொழில் வட்டத்துக்கு வெளியே பரவலாக அறியப்படவில்லை. நாட்டின் உயர் விருதான தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கும் நியூமெரோவுக்கும் சேர்த்து 1991-இல் வழங்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஜோன்ஸ். அப்போது அவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது அதற்கும் பிறகு, 2007-இல்.

ஜோன்ஸின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? விடாமுயற்சி என்ற ஒற்றைச் சொல்லில் அதை முடித்துவிடுவது வழக்கம். அது போதாது. இயந்திரங்களோடு கைபழகி வளர்ந்த ஒருவரின் அறிவை ஓர் ஊரும் ஒரு தொழிலதிபரும் நம்பினார்கள் என்பதும் அந்த வாழ்க்கையின் பகுதி. ஹாலக் மருத்துவர் அவரிடம் சான்றிதழ் கேட்டிருந்தால் எக்ஸ்ரே கருவி பிறந்திருக்காது. நியூமெரோ பட்டதாரிகளிடம் மட்டுமே அந்த லாரியை ஒப்படைத்திருந்தால், பனிக்கட்டியும் உப்பும் மேலும் பல ஆண்டுகள் நீடித்திருக்கக்கூடும். அந்த நம்பிக்கை கிடைக்காமல் துடைப்பத்தோடு நின்றுபோன எத்தனை ஜோன்ஸ்கள் இருந்தார்களோ, கணக்கில்லை.

நம் நாட்டிலும் வாகனப் பட்டறைகள் பலவற்றில் அத்தகைய அறிவு குவிந்து கிடக்கிறது. சிறுவயதில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்க வந்து, கேட்கும் ஒலியை வைத்தே கம்ப்ரஸரின் நோயைச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை முறைப்படி மதிப்பிட்டு அங்கீகரிக்கும் வழிகள் இன்னும் விரிவாக வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் நடத்த அவர்களை அழைக்கலாம். அவர்கள் செய்யும் சிறு மாற்றங்களைப் பதிவுசெய்யவும், தகுதியுள்ளவற்றுக்குக் காப்புரிமை பெறவும் உதவலாம். ஹாலக்கில் ஜோன்ஸ் செய்த எக்ஸ்ரே கருவிக்குக் காப்புரிமை கேட்கத் தோன்றாததைப் போல, நம் பட்டறைகளிலும் எத்தனையோ நல்ல யோசனைகள் அந்தப் பட்டறையின் வாசலோடு முடிந்துபோகின்றன.

வண்டியின் உரிமையாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பின்பக்க ஏ.சி. பொருத்த வேண்டும் என்றால் மலிவாக யார் செய்வார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகக்கூடாது. கம்ப்ரஸரின் கொள்ளளவைப் பார்த்தாரா, கண்டென்சரைப் பெரிதாக்கவோ கூடுதல் விசிறி வைக்கவோ தேவையா என்று சொன்னாரா, குழாய்களை உரசாமலும் கல் படாமலும் கொண்டுசெல்லும் வழியைக் காட்டினாரா, வாயு நிரப்புவதற்கு முன் பம்ப் வைத்துக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுமையாக வெளியேற்றுவாரா, ஹீட்டர் குழாயில் காற்றுக் குமிழி நிற்காமல் கூலன்ட் நிரப்புவாரா என்றெல்லாம் கவனிக்க வேண்டும். மிகப் பழைய வண்டியாக இருந்தால், அதன் குளிர்வாயு எந்த வகை, அதற்குப் பொருந்தும் எண்ணெய் எது என்பதையும் கேட்க வேண்டும். கேள்விகளை விரும்பும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம். இந்த வண்டிக்கு இது தாங்காது என்று ஒருவர் மறுத்தால், அவருடைய நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். அப்படி மறுக்கத் தெரிவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

இன்று தடுப்பூசியும் பாலும் மீனும் வெயிலில் கெடாமல் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்கின்றன. அந்த லாரியின் பின்னால் வரும் ஒரு பழைய எஸ்.யூ.வி.யின் மூன்றாவது வரிசையில், பட்டறையில் பொருத்தப்பட்ட காயிலிலிருந்து வரும் காற்றில் ஒரு குழந்தை நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்கலாம். ஓடும் வண்டியிலும் குளிர் நிலைத்திருக்கும் என்று உலகுக்கு மெய்ப்பித்தவர், பதினொரு வயதில் துடைப்பத்தோடு ஒரு பட்டறைக்குள் நுழைந்தவர். அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடும்போது, ஓரத்தில் பெருக்கிக்கொண்டே என்ஜினை எட்டிப் பார்க்கும் சிறு வயதுக்காரர் யாரேனும் இருந்தால், அவர் பெயரைக் கேட்போம். பள்ளிக்குப் போகிறாரா என்றும் கேட்போம். போகவில்லை என்றால், படிப்பும் தொழிலும் ஒருசேர அவருக்குக் கிடைக்க நம்மால் இயன்றதைச் செய்வோம்.